பறக்கும் சவப்பெட்டியைச் செய்தது யார்?

2025 செப்டம்பர் 27ஆம் தேதி காலை. பாலசமுத்திரத்தில் ஒரு டீக்கடை. இரவு ஷிப்ட் முடிந்து நூல் மில்லிலிருந்து வந்த தொழிலாளிகள் நாலு பேர், தோப்பு வேலைக்குக் கூலிக்குப் போக நின்ற பெண்கள் சிலர், கமிஷன் மண்டிக்காரர் ஒருவர். பத்திரிகையில் பெரிதாக ஒரு படம். 62 வருஷம் நம் நாட்டு ஆகாயப் படையில் பறந்த மிக்-21 விமானத்துக்கு முந்திய நாள் சண்டிகாரில் விடை கொடுத்தனுப்பிய படம்.

மண்டிக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "தொலைஞ்சுது சனியன்! ரஷ்யாக்காரன் நம்ம தலையில கட்டின தகரடப்பா. சர்க்கார் பாக்டரியில செஞ்சது வேற எப்படி இருக்கும்? பறக்கும் சவப்பெட்டின்னே அதுக்குப் பேரு. எல்லாத்தையும் தனியார்கிட்டக் கொடுத்திருந்தா இத்தனை பேரு செத்திருப்பாங்களா?"

மில் தொழிலாளி ஒருவர், இருபத்தைந்து வயதுகூட இராது, நம் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏனுங்க, அவரு சொல்றது நெசந்தானுங்களா?"

அந்த இளைஞருக்குத்தான் இந்தப் பதில். மண்டிக்காரர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. டெல்லியிலும் பம்பாயிலும் இருக்கிற பெரிய முதலாளிகளின் ஏடுகள் வருஷக்கணக்காக அரைக்கிற மாவைத்தான் அவர் இங்கே தோசையாகச் சுட்டார். ஆகவே பதிலும் அவர்களுக்கே.

முதலில், உண்மையை ஒளிக்க நமக்கு அவசியமில்லை. மிக்-21 விமானங்கள் ஏராளமாக விழுந்தன. வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின என்று 2012 மே மாதம் ராணுவ மந்திரி அந்தோணி பார்லிமெண்டில் சொன்னார். அவற்றில் 171 விமானிகள் மாண்டார்கள். தரையில் இருந்த பொதுமக்கள் 39 பேர் மாண்டார்கள். இது விளையாட்டுக் கணக்கல்ல. ஒவ்வொன்றும் ஒரு தாயின் வயிற்றெரிச்சல். இந்தக் கணக்கை மூடி மறைப்பவன் தொழிலாளியின் தோழனாக இருக்க முடியாது.

ஆனால் கேள்வி இதுதான்: அவர்களைக் கொன்றது எது? ருஷ்ய வடிவமைப்பா? பொதுத்துறைத் தொழிலாளியின் கையா? அல்லது டெல்லியில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டியவர்களின் அலட்சியமா? இதற்குப் பதில் காண, கதையை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

யுத்தம் வளர்த்த விமானங்கள்

"மிக்" என்பது இரண்டு மனிதர்களின் பெயர். மிகோயன், குரேவிச் என்ற இரு சோவியத் நிபுணர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அவர்களுடைய ஆரம்பகாலச் சண்டை விமானமான மிக்-3, 1941இல் ஹிட்லரின் படை சோவியத் யூனியன் மீது பாய்ந்தபோது களத்தில் நின்றது.

1941 ஜூன் 22, அந்தப் படையெடுப்பின் முதல் நாள். நண்பகலுக்குள் சுமார் 1,200 சோவியத் விமானங்கள் நாசமாயின. பெரும்பாலானவை தரையில் நின்றபடியே எரிந்தன. எச்சரிக்கை வந்தும் மேலிடம் விழித்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்திய வருஷங்களில் கைதேர்ந்த விமான நிபுணர்களையே சிறையில் தள்ளிய பெருந்தவறும் அங்கே நடந்திருந்தது. டுபலேவ் போன்றவர்கள் கைதிகளாக இருந்தபடியே விமானம் வரைந்தார்கள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தவறை மறைத்துப் பாராட்டுவது பஜனை. தொழிலாளிக்குப் பஜனை வேண்டாம், பாடம் வேண்டும்.

பிறகு என்ன நடந்தது? எதிரி மாஸ்கோவை நெருங்கிக் கொண்டிருந்தபோது, 1941 ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில், 1,500க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பெயர்த்தெடுத்து ரயிலில் ஏற்றிக் கிழக்கே யூரல் மலைக்கும் சைபீரியாவுக்கும் கொண்டு போனார்கள். நம் மில்லில் ஒரு ரிங் பிரேமைக் கழற்றி அடுத்த கொட்டகையில் மாட்டுவதற்கே எத்தனை நாள் ஆகிறது என்பது பிட்டர் தோழர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு தேசத்தின் தொழிலையே கழற்றி மாட்டினார்கள். கூரை போட்டு முடியுமுன் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்களும் சிறுவர்களும் பட்டறையில் நின்றார்கள்.

1941இல் சுமார் 15,700 விமானங்கள் செய்த நாடு, 1942இல் 25,000க்கும் மேல் செய்தது. 1944இல் 40,000ஐத் தாண்டியது. அமெரிக்காவும் பிரிட்டனும் விமானங்களும் அலுமினியமும் அனுப்பி உதவியது உண்மை. ஆயினும் சோவியத் விமானிகள் ஓட்டிய விமானங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தொழிலாளிகளின் கையால் ஆனவையே.

எண்ணிக்கை மட்டுமல்ல, தோழர்களே. அந்த விமானங்கள் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

மிக்-3 உயரத்தில் வேகமாகப் பறக்கும். ஆனால் சண்டையோ தாழ்வாக நடந்தது. தாழ்வில் அது பளுவான வண்டி. அதற்கு வேண்டிய என்ஜினைச் செய்த அதே தொழிற்சாலைதான், ஜெர்மன் டாங்கிகளைத் தாக்குகிற இலியூஷின்-2 விமானத்துக்கும் என்ஜின் செய்ய வேண்டியிருந்தது. இரண்டில் எது களத்துக்கு அவசியம்? இலியூஷின்தான். ஆகவே 3,000க்கும் மேல் செய்த பிறகு மிக்-3 நிறுத்தப்பட்டது. சொந்த கௌரவம் பார்க்கவில்லை.

லாவோச்கின், கொர்புனோவ், குட்கோவ் மூவரும் செய்த லாக்-3 என்னும் விமானம் இன்னொன்று. அலுமினியம் பஞ்சம். ஆகவே மரத்தில் பிசின் ஏற்றி இறுக்கிச் செய்தார்கள். உடல் கெட்டி, ஆனால் பளு அதிகம், என்ஜின் பலம் போதாது. அதை ஓட்டிய விமானிகளே அதைச் "சவப்பெட்டி" என்று கசப்போடு கேலி செய்ததாகச் சொல்வார்கள். ஆம், நம் மண்டிக்காரர் சொன்ன அதே பெயர்!

அதைக் குப்பையில் எறிந்தார்களா? இல்லை. தனியார் கம்பெனிக்கு விற்றார்களா? இல்லை. ஷ்வெத்சோவ் என்ற நிபுணர் செய்த வட்ட வடிவ என்ஜின் ஒன்று, தகுந்த விமானம் கிடைக்காமல் நின்று கொண்டிருந்தது. லாக்-3இன் மூக்கை வெட்டி அந்த என்ஜினை மாட்டிப் பார்த்தார்கள். உடல் பழையது, இதயம் புதியது. 1942இல் பிறந்தது லா-5. அந்த வருஷமே அது ஸ்டாலின்கிராட் போரில் இறங்கியது. 1943இல் எரிபொருளை நேராக உட்செலுத்தும் என்ஜினோடு லா-5 எப்என் வந்து குர்ஸ்க் போரில் நின்றது. 1944இல் பளுவைக் குறைத்து லா-7 வந்தது. இந்த வரிசை விமானங்களை ஓட்டித்தான் கோஜெதூப் என்ற உக்ரேனிய விவசாயியின் மகன் 62 எதிரி விமானங்களை வீழ்த்தினார். சவப்பெட்டி எனப் பேரெடுத்த மரக்கூட்டிலிருந்து மூன்றே வருஷத்தில் வந்த வெற்றி அது!

யாகோவ்லெவ் வகுத்த யாக் வரிசையும் அப்படியே. யாக்-1க்குப் பயிற்சி கொடுக்க இரட்டை ஆசன விமானம் ஒன்று செய்தார்கள், யாக்-7. அது இவ்வளவு நன்றாகப் பறக்கிறதே என்று கண்டு பயிற்சி விமானத்தையே சண்டை விமானமாக்கினார்கள். இறக்கையில் மரச்சட்டத்துக்குப் பதில் உலோகச்சட்டம் வைத்ததும் எரிபொருளுக்கு இடம் கிடைத்தது. அதுதான் யாக்-9. அதில் நெடுந்தூரம் போக ஒரு வகை, டாங்கியையும் துளைக்கிற 37 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த ஒரு வகை என்று கிளை விட்டது. மொத்தம் 16,000க்கும் மேல் செய்தார்கள். இன்னொரு கிளையில் உடலை இளைக்க வைத்து யாக்-3 செய்தார்கள். பாசிஸ்ட்டுகளை எதிர்த்துச் சோவியத் மண்ணில் சண்டையிட்ட நார்மண்டி-நீமன் என்ற பிரெஞ்சு விமானப் படையினர் அந்த யாக்-3ஐ ஓட்டினார்கள்.

குறையே வரவில்லையா? வந்தது. 1943 கோடையில், குர்ஸ்க் போருக்குச் சற்று முன்னால், யாக்-9 விமானங்களின் இறக்கைத் துணி உரியத் தொடங்கியது. பூசிய மெருகெண்ணெய் சரியில்லை. யாகோவ்லெவுக்கு மேலிடத்திலிருந்து கடுமையான கண்டனம். தொழிற்சாலையிலிருந்து ஆட்களை நேரே விமான நிலையங்களுக்கு அனுப்பி, சில வாரங்களில் அத்தனையையும் சரி செய்தார்கள். குறை கண்ட அன்றே திருத்தம். இருபது வருஷம் கழித்து அல்ல! இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தேன் விற்று வாங்கிய விமானம்

தோப்பு வேலைக்குப் போகிற சகோதரிகளே, உங்களுக்கு ஒரு செய்தி. சராத்தோவ் பிரதேசத்தில் ஒரு கூட்டுப் பண்ணை. அங்கே தேனீ வளர்த்தவர் பெரபோந்த் கொலவாத்தி என்ற முதியவர். 1942 டிசம்பரில், தேன் விற்றுச் சேர்த்த ஒரு லட்சம் ரூபிளை எடுத்துக்கொண்டு சராத்தோவ் விமானத் தொழிற்சாலைக்குப் போய், "ஒரு சண்டை விமானம் கொடுங்கள்" என்று நின்றார். யாக்-1 ஒன்று கிடைத்தது. அதை ஸ்டாலின்கிராட் போர்முனையில் இருந்த போரிஸ் யெரியோமின் என்ற விமானிக்குக் கொடுத்தார். அந்த விமானம் சண்டையில் தேய்ந்துபோன பிறகு, 1944இல் இன்னொரு லட்சம் ரூபிள் சேர்த்து இன்னொரு விமானம் கொடுத்தார். அது யாக்-3.

தேனீக்காரருக்கு விமானம் எதற்கு? அந்தத் தொழிற்சாலை தன்னுடையது, அந்த ஆகாயம் தன்னுடையது என்று அவர் நினைத்தார். அதுதான் வித்தியாசம். பங்குச் சந்தையில் லாபம் பார்க்கக் காத்திருக்கிறவனுக்கு அந்த நினைப்பு வருமா?

யார் கொடுத்தான், யார் மறுத்தான்?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு எப்-104 என்ற அதிவேக விமானத்தைக் கொடுத்தது. இந்தியா கேட்டபோது கையை விரித்தது. பிரிட்டன் தன் விமானத்தை விற்கப் பார்த்தது. விலை பவுனில், தொழில் ரகசியம் அவர்கள் பெட்டியில்.

சோவியத் யூனியன் என்ன சொன்னது? விமானமும் தருகிறேன், அதைச் செய்கிற வித்தையும் தருகிறேன், விலையை ரூபாயில் கொடு என்றது. 1962 ஆகஸ்டில் கிருஷ்ண மேனன் ராணுவ மந்திரியாக இருந்தபோது அந்த ஒப்பந்தம் ஏற்பட்டது. அதைக் கெடுக்க வாஷிங்டனும் லண்டனும் செய்யாத முயற்சி இல்லை. இங்கேயும் ஏகாதிபத்தியத்தின் நண்பர்கள் கூச்சல் போட்டார்கள். ஆயினும் 1963இல் முதல் மிக் விமானங்கள் சண்டிகாருக்கு வந்தன. நாசிக் அருகே ஓஜரில் உடல் செய்யவும், ஒரிஸாவில் கோராபுட்டில் என்ஜின் செய்யவும், ஹைதராபாத்தில் மின்னணுக் கருவிகள் செய்யவும் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1964 அக்டோபர் 1ஆம் தேதி எல்லாம் ஒன்றாகி ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆயிற்று.

கோராபுட் எங்கே இருக்கிறது? ஆதிவாசிகளின் மலைநாட்டில். எந்தத் தனி முதலாளி அங்கே போய் ஜெட் என்ஜின் தொழிற்சாலை கட்டியிருப்பான்? அங்கே கிடைக்கும் தாதுவை வெட்டி விற்பான், காட்டை வெட்டி விற்பான், என்ஜின் செய்ய மாட்டான். 1970இல் மூலப்பொருளிலிருந்தே முழுசாக இங்கே செய்த முதல் மிக்-21 வெளிவந்தது. மொத்தம் 650க்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்கள் நம் நாட்டுத் தொழிலாளிகளின் கையால் உருவாயின. இதுவா தலையில் கட்டிய தகரடப்பா?

துப்பாக்கி இல்லாத விமானம்

யுத்தத்தில் விமானம் வளரும் என்றோமே, அது இங்கேயும் நடந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம். நம்மிடம் இருந்தவை மிகச் சில மிக்-21கள். ஏவுகணை இருக்கும்போது துப்பாக்கி எதற்கு என்று அந்தக் காலத்து நிபுணர்கள் பல நாடுகளில் நினைத்தார்கள். ஆகவே அப்போது வந்த வகையில் உடலுக்குள் துப்பாக்கியே இல்லை. இரண்டே ஏவுகணைகள். நம் விமானி எதிரியைத் துரத்திப் போனார், ஏவினார், குறி தவறியது. எதிரி கண்ணெதிரே இருக்க, சுட ஒன்றும் இல்லாமல் திரும்பினார்.

அந்த யுத்தத்தின்போது அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தியது. உதிரிப் பாகங்களுக்கு அடுத்தவன் வாசலில் நிற்பவன் கதி என்ன என்பதை அன்றே நாடு கண்டது.

குறை கண்டபின் திருத்தினார்கள். எப்எல் என்ற வகைக்கு வயிற்றடியில் 23 மில்லிமீட்டர் துப்பாக்கிப் பெட்டி மாட்டினார்கள். 1971 டிசம்பர் 12ஆம் தேதி கட்ச் வளைகுடா மீது பாரத் பூஷண் சோனி என்ற விமானி அந்தத் துப்பாக்கியால் ஓர் எப்-104ஐச் சுட்டு வீழ்த்தினார். எந்த விமானத்தை நமக்குத் தர மாட்டேன் என்று அமெரிக்கா சொன்னதோ, அதே விமானம்! கிழக்கே மிக்-21கள் டாக்காவின் தேஜ்காவ் விமான ஓடுபாதையைக் குண்டு போட்டுப் பிளந்தன. டிசம்பர் 14ஆம் தேதி டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கின. கவர்னர் மாலிக் அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதினார். வங்க மக்களைக் கொன்று குவித்த கொடுங்கோல் இரண்டு நாளில் மண்டியிட்டது.

பிறகு உடலுக்குள்ளேயே துப்பாக்கி வைத்த எம் வகை வந்தது. அதன்பின் பலமான என்ஜினோடு பிஸ் வகை வந்தது. கடைசியாக 125 விமானங்களுக்குப் புதிய ராடாரும் ஏவுகணையும் வைத்து பைசன் என்று பெயரிட்டார்கள். நாசிக் தொழிலாளி ஒவ்வொரு படியிலும் கூடவே ஏறினார். வளரத் தெரிந்த வடிவமைப்பு, வளர்க்கத் தெரிந்த கைகள்.

அப்படியானால் ஏன் விழுந்தது?

இதுதான் மண்டிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை. நாம் கேட்போம்.

மில் தோழர்களே, ஓர் உதாரணம். நேற்று வேலைக்கு வந்த பையன். பஞ்சுக் கலவையில் ஒரு மாதம் கூட்டிப் பெருக்கியவன். அவனைக் கொண்டுபோய் மில்லிலேயே அதிவேகமாக ஓடுகிற இயந்திரத்தில் நிறுத்துகிறார்கள். பையன் கை போகிறது. மேனேஜர் வந்து பார்த்து, "பாழாய்ப் போன இயந்திரம்" என்கிறார். அல்லது "பாழாய்ப் போன பையன்" என்கிறார். பழக்காமல் நிறுத்தியது யார் என்று மட்டும் பேச மாட்டார். உங்களுக்குத் தெரியாத கதையா இது?

மிக்-21 கதையும் இதுவே. அது தரையிறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும் விமானம். ஒற்றை என்ஜின். அதற்கு இரட்டை ஆசனப் பயிற்சி வகை இருந்தது உண்மை. ஆனால் மெதுவாகப் பறக்கும் ஆரம்பப் பயிற்சி விமானத்துக்கும் இந்தச் சூறாவளிக்கும் நடுவில், ஏணியில் ஒரு படி வேண்டும். உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் படி இல்லாத ஏணியில் தாவினார்கள்.

இது யாருக்கும் தெரியாமல் இருந்ததா? 1982இலேயே லா பான்டெய்ன் கமிட்டி இதை எழுதிக் கொடுத்தது. பயிற்சி ஜெட் வாங்குங்கள் என்றது. எப்போது ஒப்பந்தம் போட்டார்கள்? 2004இல்! எப்போது விமானம் வந்தது? 2007 கடைசியில்! ஒப்பந்தத்துக்கே இருபத்திரண்டு வருஷம்! அந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை மந்திரிகள் மாறினார்கள்? எத்தனை கட்சிகள் ஆண்டன? கோப்பு மட்டும் நகரவில்லை. பிணங்கள் நகர்ந்தன.

யுத்த அவசரத்தில் அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பப்பட்ட இளைஞர்கள் சோவியத் நாட்டிலும் மாண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எதிரி வாசற்படியில் நின்றான். இங்கே? சமாதான காலம். இருபத்திரண்டு வருஷ அவகாசம். இறக்கைத் துணி உரிந்ததும் சில வாரங்களில் சரி செய்தார்கள் என்றோமே, அதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரணம், வயது. 1950களில் வடிவமைத்த விமானம் அது. அதற்குப் பதில் வர வேண்டியது வராததால் அதையே ஓட்டினார்கள். 1991இல் சோவியத் யூனியன் சிதறியபின் உதிரிப் பாகங்களுக்கும் திண்டாட்டம். 2019 பிப்ரவரி 27ஆம் தேதி தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட அபிநந்தன் ஓட்டிச் சென்றதும் ஒரு மிக்-21 பைசன்தான். தாத்தா காலத்து மாட்டைப் பேரன் காலத்திலும் ஏரில் பூட்டிவிட்டு, மாடு விழுந்தால் மாட்டை வளர்த்தவனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

கிணறு நம்முடையது, மோட்டார் அடுத்தவனுடையது

மூன்றாவது காரணம்தான் மூலகாரணம். அதற்குப் பதில் விமானம் ஏன் வரவில்லை?

1961 ஜூன் 17ஆம் தேதி பெங்களூரில் மருத் என்ற சண்டை விமானம் பறந்தது. வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர். செய்தவர்கள் நம் தொழிலாளிகள். நல்ல உடல். ஆனால் என்ஜின்? அதற்கென்று நினைத்திருந்த என்ஜினைப் பிரிட்டிஷ் கம்பெனி முடிக்கவில்லை. அதை முடிக்கப் பணம் போட நம் சர்க்காரும் முன்வரவில்லை. கடைசியில் பலம் குறைந்த என்ஜினை மாட்டினார்கள். ஒலியை மிஞ்ச வேண்டிய விமானம் ஒலிக்குப் பின்னாலேயே ஓடியது. 147 விமானங்களோடு கதை முடிந்தது. 1971இல் பாலைவனத்தில் நன்றாகவே சண்டையிட்டது. ஆனால் அதை வளர்க்க ஆள் இல்லை.

1983இல் தேஜஸ் திட்டம் தொடங்கியது. அதற்கென்று காவேரி என்ற பெயரில் சொந்த என்ஜின் செய்ய 1989இல் அனுமதி. அது வேண்டிய பலத்தை எட்டவில்லை. அமெரிக்க என்ஜினை மாட்டினார்கள். 1998இல் பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை போட்டது. தேஜஸுக்கு உதவிய வேலையும் நின்றது. அதையும் மீறி நம் விஞ்ஞானிகளும் தொழிலாளிகளும் 2001 ஜனவரி 4ஆம் தேதி அதைப் பறக்க விட்டார்கள். 2018 முதல் அந்தத் தேஜஸ் நமக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள சூலூரிலிருந்து பறக்கிறது.

2021இல் மேலும் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஆர்டர். உடல் செய்து நிறுத்தினார்கள். அமெரிக்க என்ஜின் வரவில்லை. இரண்டு வருஷம் போலத் தாமதித்து 2025 மார்ச்சில்தான் அந்த ஆர்டரின் முதல் என்ஜினை அனுப்பினார்கள். மிக்-21க்கு விடை கொடுப்பதற்கு முந்திய நாள், 2025 செப்டம்பர் 25ஆம் தேதி, 62,000 கோடி ரூபாய்க்கு மேல் இன்னும் 97 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கும் என்ஜின் அமெரிக்காவிலிருந்துதான்.

விவசாயத் தோழர்களே, உங்களுக்கு இது விளங்கும். கிணறு நம்முடையது, நிலம் நம்முடையது, நாற்று நம்முடையது. மோட்டார் மட்டும் பக்கத்துப் பண்ணையாரிடம் இரவல். பயிர் வாடும்போது அவர் என்ன சொல்வார்? "நாளைக்கு வா" என்பார். பயிர் காய்ந்தபின், "உனக்கு விவசாயம் தெரியவில்லை" என்பார். லாக்-3க்கு ஷ்வெத்சோவின் என்ஜின் சொந்தப் பட்டறையில் இருந்தது, ஆகவே சவப்பெட்டி எனப்பட்டது வெற்றி விமானமாயிற்று. மருத்துக்குச் சொந்த என்ஜின் இல்லை, ஆகவே நல்ல விமானமே பாடையேறியது. விஷயம் இவ்வளவுதான்.

லாபம் யாருக்கு?

"தனியாரிடம் கொடுத்திருந்தால்" என்றார் மண்டிக்காரர். கொடுக்கத்தானே போகிறார்கள்! 126 விமானங்கள் வாங்க 2007இல் டெண்டர் விட்டார்கள். ரபேல் தேர்வான பிறகு, அதில் 108ஐ ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிலாளிகள் இங்கே செய்வதாகப் பேச்சு நடந்தது. 2015 ஏப்ரல் 10ஆம் தேதி பிரதமர் மோடி பாரிஸில், 36 விமானங்களைச் செய்த நிலையிலேயே வாங்கிக் கொள்கிறோம் என்று அறிவித்தார். 108 போயிற்று. நாசிக் தொழிலாளிக்கும் கோராபுட் தொழிலாளிக்கும் ஒரு ரபேல்கூட இல்லை. பிரெஞ்சுக் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது ஒரு தனி முதலாளியோடு. கோர்ட்டு வழக்குகளைத் தள்ளியது. ஆனால் தொழிலாளியின் கேள்வி கோர்ட்டுக் கேள்வி அல்ல. அறுபது வருஷம் விமானம் செய்து பழகிய கைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு திருகாணிகூட விமானத்தில் முடுக்காதவனைத் தேடிப் போனது ஏன்? அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

2018இல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் பங்குகளைச் சந்தையில் விற்றார்கள். 2019 அக்டோபர் 14ஆம் தேதி நியாயமான சம்பளம் கேட்டு அதன் எல்லாக் கிளைகளிலும் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பணமில்லை என்று கையை விரித்தார்கள். 2021 அக்டோபர் 1ஆம் தேதி திருச்சி, ஆவடி, அருவங்காடு உள்ளிட்ட 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகத் துண்டு போட்டார்கள். எதிர்த்து நின்ற தொழிலாளிகளை அடக்க, வேலைநிறுத்தத்தையே தடை செய்யும் சட்டம் அதே வருஷம் வந்தது. தேசபக்தியைப் பற்றி மூச்சுக்கு முந்நூறு தரம் பேசுகிறவர்கள், தேசத்தின் ஆயுதத்தைச் செய்கிறவனை இப்படித்தான் நடத்தினார்கள்.

யுத்தத்தை நாம் விரும்பவில்லை. யுத்தத்தில் சாகிறவன் ஏழை வீட்டுப் பிள்ளை. விமானத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு கோடியும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடிய கோடி. அண்டை நாடுகளோடு சமாதானமே நம் கோஷம். ஆனால் ஆகாயத்தைக் காக்க விமானம் வேண்டும் என்றால், அது நம் மக்களின் தொழிற்சாலையில், நம் கையால், நம் என்ஜினோடு பறக்க வேண்டும். அடுத்தவன் என்ஜினில் பறக்கிறவன் அடுத்தவன் சொன்ன திசையில்தான் பறப்பான்.

ஆகவே, இளம் தோழரே, டீக்கடையில் நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. மண்டிக்காரர் சொன்னது நிஜமல்ல. சவப்பெட்டியை ருஷ்யாக்காரன் செய்யவில்லை. நாசிக் தொழிலாளி செய்யவில்லை. பயிற்சிக்கு இருபத்திரண்டு வருஷம் படி வைக்காத அலட்சியம் ஒரு பலகை. சொந்த என்ஜினுக்குக் காசு போடாத கஞ்சத்தனம் ஒரு பலகை. காலம் கடந்தும் ஓட்ட வைத்த கையாலாகாத்தனம் ஒரு பலகை. பொதுத்துறையைப் பட்டினி போட்டு முதலாளிக்குப் பந்தி வைக்கிற கொள்கை நாலாவது பலகை. இந்த நாலு பலகைகளையும் சேர்த்து ஆணி அடித்தவர்கள் டெல்லியில் ஆண்டவர்கள்.

நாளைக்கு உங்கள் மில்லில் ஒருவர் கை இயந்திரத்தில் போனால், "இயந்திரம் சரியில்லை, ஆள் சரியில்லை" என்று நிர்வாகம் சொல்லும். அப்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: பழக்காமல் நிறுத்தியது யார்? பழுதென்று தெரிந்தும் ஓட்டச் சொன்னது யார்? லாபம் யார் வீட்டுக்குப் போயிற்று? தனியாகக் கேட்டால் வேலை போகும். சங்கமாகக் கேளுங்கள்!